ஏழாம் நம்பர் கட்டிலின் திருப்தி

நோயாளியும் ஒரு மனிதர்தான் என்ற மகத்தான உண்மை, லுவாசி மாவட்ட மருத்துவமனையில், அக்டோபர் பதினான்காம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் 'தர மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்' திரு. கம்வெண்டோ. ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் கருத்தரங்கில் உட்கார்ந்து, கோழியையும் மீனையும் மாறி மாறிச் சாப்பிட்டபடி தீவிரமாக ஆராய்ந்து, அந்த உண்மையைச் சுருட்டி ஒரு குழாய்க்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். வெளியே எடுத்து விரித்தபோது அது ஒரு வட்டமாக இருந்தது. வட்டத்தின் நடுவே நோயாளி. சுற்றிலும் டாக்டர், சிஸ்டர், மருந்தாளுநர், நிர்வாகம், அமைச்சகம், 'கூட்டாளி நிறுவனங்கள்' எல்லோரும் கைகோத்து நின்றார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நோயாளி உட்பட.

படம் ஒட்டப்பட்ட சுவருக்கு நேர் கீழே, ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் ஏழாம் நம்பர் கட்டிலில், பிஸ்விக் நாமகோனா படுத்திருந்தார். ஐம்பது வயதுத் தச்சர். குடலிறக்கத்துக்கு அறுவை செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணாந்து, நடுவில் நிற்கும் தன்னைத் தலைகீழாகப் பார்த்தார். அரசாங்கம் அவரை இதுவரை வரிசையின் கடைசியில்தான் நிறுத்தியிருக்கிறது. நடுவில் நிறுத்துவது இதுதான் முதல் தடவை என்பதால் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவருடைய அக்கா எஸ்னாட் இடுப்பில் துணிப் பேசினோடு வந்து படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன் சார்?"

"நீங்க இதுல வர மாட்டீங்கம்மா," என்றார் கம்வெண்டோ பொறுமையாக. "இது சேவை செய்யறவங்களோட படம்."

எஸ்னாட் தலையாட்டினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

லுவாசியில் ஒருவர் கட்டிலில் படுத்தால் இன்னொருவர் கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டும். அப்படித்தான் எல்லா ஊரிலும் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாளாக எஸ்னாட்தான் தம்பியைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றாள், பின்பக்கக் கொட்டகையில் மூன்று கல் வைத்து மக்காச்சோளக் களி கிண்டி, கீரையும் பொடிக் கருவாடும் சேர்த்து ஊட்டினாள். அதே பானையிலிருந்து எட்டாம் நம்பர் கட்டிலுக்கும் ஒரு தட்டு போகும். அந்தக் கட்டிலில் இருந்தவர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த லாரிச் சுமைக்காரர். லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு கையிலும் கட்டு. துணைக்கு ஒருவரும் இல்லை. அவருடைய அட்டையில் 'பெயர் தெரியாதவர், ஆண்' என்று எழுதியிருந்தது. எஸ்னாட் அவரிடம் அவர் பாஷையில் கேட்டாள், அமிசே என்று சொன்னார். அட்டையில் எழுதும் அதிகாரம் அவளுக்கு இல்லாததால், அந்தப் பெயர் அவளோடும் பிஸ்விக்கோடும் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் தையலைப் பிரித்தார். "எல்லாம் நல்லா ஆறியிருக்கு. நீங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை எஸ்னாட்டின் மகள் டொரோபேவுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுக் கோழியும் மாப்பிள்ளை வீட்டுச் சேவலும் கை மாறினால்தான் நிச்சயம். கோழியைக் கையில் வாங்கிக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். எஸ்னாட்டுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஜோகன்னஸ்பர்க் சுரங்க வேலைக்குப் போகிறான். அந்தச் சனியை விட்டால் இன்னும் இரண்டு வருஷம். சுரங்கத்துக்குப் போன எத்தனையோ பையன்கள் இரண்டு வருஷத்தில் வேறு பெண் வீட்டுக் கோழியைப் பார்த்துவிட்டார்கள் என்பது எஸ்னாட்டுக்குத் தெரியும்.

பிஸ்விக் எழுந்து போயிருக்க வேண்டியவர்தான். ஆனால் அதே செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு, 'நோயாளி அனுபவக் கணிப்பு' தொடங்கிவிட்டது. அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டது அவருடைய மரியாதை.

அந்த ஊரில் எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால், "நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருந்தா," என்றுதான் பதில் சொல்ல வேண்டும். தலைவலி, கால்வலி, வீடு எரிந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். பிஸ்விக் கல்யாணத்திலும் சண்டையிலும் குடும்பத்துக்காக எழுந்து பேசுகிற தாய்மாமன், ஆகையால் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிக மரியாதை. அறுவை மேஜையில் படுக்க வைத்து டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னார். டாக்டர் தானும் நலம் என்று தெரிவித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்.

இப்போது கம்வெண்டோ ஸ்டூலில் உட்கார்ந்து இருபத்து நான்கு கேள்விகள் உள்ள படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை உண்டு.

"மருத்துவமனை உணவு எப்படி இருந்தது?"

மருத்துவமனைச் சமையலறை, பெரிய அண்டா விரிசல் விட்டதிலிருந்து, ஈஸ்டர் முதல் பூட்டிக் கிடந்தது. பிஸ்விக்குக்கு அது தெரியாது. அக்காவின் கருவாட்டை நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார். ஐந்து.

"கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வர்றாங்க?"

அவர் கூப்பிடுவது 'அக்கா' என்று. "ஒடனே வந்துருவாங்க," என்றார். ஐந்து.

குளிக்க வைக்கும்போது மரியாதையாக நடத்தினார்களா, வலிக்கும்போது ஆறுதல் சொன்னார்களா, அவரிடம் எல்லாவற்றையும் புரியும்படி விளக்கினார்களா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. பிஸ்விக் பொய்யே சொல்லவில்லை. நூற்றிருபதுக்கு நூற்றிருபது வந்தது. அந்த மதிப்பெண்ணை வாங்கியவள் அந்த நேரத்தில் கொட்டகையில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

அடுத்து எட்டாம் கட்டில். கம்வெண்டோ கேட்ட பாஷை அமிசேக்குப் புரியவில்லை, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதி அவருக்கும் முழு மதிப்பெண் போடப்பட்டது.

கம்வெண்டோ மறுபடியும் ஏழாம் கட்டிலுக்கு வந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை. மனிதர் நல்லவர். பதினெட்டு வருட வேலையில் அவர் நீட்டிய எந்தப் படிவத்திலும் யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை.

"புதன்கிழமை தலைநகர்லேருந்து உயர்நிலைக் குழு வருது," என்றார். "நம்ம சேவைய நேர்ல பாக்க. இப்படி ஒரு நோயாளிய நாங்க எப்படிங்க வீட்டுக்கு அனுப்ப முடியும்?"

டாக்டர் கையெழுத்துப் போட்ட வெளியேற்றச் சீட்டு கம்வெண்டோவின் மேஜை இழுப்பறைக்குள் போனது. சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. காவலாளி ஜைலோஸ் சொந்தத் தம்பியையே சீட்டு இல்லாததால் ஒரு இரவு உள்ளே வைத்திருந்தவன்.

அன்று மதியம் கட்டிலுக்குக் கட்டில் சிலேட்டு மாட்டப்பட்டது. சிலேட்டின் தலையில் 'எனக்கு முக்கியமானது' என்று பெயின்டில் எழுதியிருந்தது. கீழே நோயாளி தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும், நிர்வாகம் எழுதிக்கொள்ளும்.

"உங்களுக்கு எது முக்கியம்? தயங்காம சொல்லுங்க," என்றார் கம்வெண்டோ.

"சனிக்கெழம வீட்ல இருக்கணும் சார். மருமகளுக்கு நிச்சயதார்த்தம்."

சாக்பீஸ் சிலேட்டின் மேல் நின்றுவிட்டது. "அது கொஞ்சம் எதிர்மறையா இருக்குதே. வர்றவங்க படிச்சா, நீங்க இங்கேருந்து ஓடப் பாக்கறீங்கன்னு நெனைச்சுக்குவாங்க. அதையே கொஞ்சம் மையப்படுத்திச் சொல்லுவோமே." யோசித்து, அழகான கையெழுத்தில், 'குடும்பத்தோடு இருப்பது' என்று எழுதினார்.

அவர் போன பிறகு எஸ்னாட் தம்பியின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "ஏன் தம்பி அதுக்கப்புறம் நீ வாயே தொறக்கல?"

"அவரு ரொம்ப சந்தோஷமா இருந்தாருக்கா."

"சரி. நீ மரியாதையக் கட்டிக்கிட்டு இங்கயே கெட. என் பொண்ணு ரெண்டு வருஷம் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

பிஸ்விக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டொரோபேவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவள் கோபத்தைத் தாங்கலாம், அவள் அழுகையை நினைத்தால் தையல் போட்ட இடத்துக்கும் உள்ளே எங்கேயோ வலித்தது. நாளைக்கே குழு வந்துவிடும், நாளைக்கே போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குழு புதன்கிழமை வரவில்லை, வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம், சனிக்கிழமை வரும் என்றார்கள். கம்வெண்டோ ஒவ்வொரு முறையும் கட்டில் பக்கம் வந்து மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பிஸ்விக் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்ன வாயை மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிய சுற்றறிக்கை வந்தது. நோயாளியே மையம். மையத்தைச் சுற்றி பேசினும் பானையும் பாயுமாகக் கூட்டம் இருந்தால் மையம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே துணைக்கு இருப்பவர்கள் அனைவரும் குழு வந்து போகும் வரை கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஜைலோஸ் விசில் ஊதி அறுபது பேரையும் மதிலுக்கு வெளியே இருந்த பின்பக்கக் கொட்டகைக்கு ஓட்டினான். எஸ்னாட் போகும்போது கஞ்சிப் பானையைத் துணி போட்டு மூடி, தம்பியின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் வார்டு சுத்தமாகவும் அமைதியாகவும் இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மையம் படுத்திருந்தது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் தர ஆள் இல்லை. ஐம்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர், அவரும் ஊசித் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் அமிசே, இரண்டு கையும் கட்டோடு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஸ்விக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து பானையை இழுத்தார். ஒரு கரண்டி எடுத்து அமிசேயின் வாயருகே கொண்டு போனார். பாதி மோவாயில் வழிந்தது. அக்கா ஊட்டும்போது ஒரு சொட்டுகூட வழிந்ததில்லை. முதல் கரண்டிக்கும் இரண்டாவது கரண்டிக்கும் நடுவில் அவள் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சு எதற்கு என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. விழுங்க நேரம் கொடுக்கிறாள். பிஸ்விக்கும் பேசத் தொடங்கினார், கதவு ஜன்னல் விலையைப் பற்றி. அமிசே மெதுவாக விழுங்கினார்.

இதற்கிடையில் வெளியே எஸ்னாட் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மாமன் நிச்சயப் பாய்க்கு வர முடியாவிட்டால் பாய் மாமனிடம் போகும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர், நிச்சயதார்த்தத்துக்கென்று வாங்கிய ஒரே நீல அச்சுத் துணியில் பெண்கள் எல்லோரும் பாவாடையும் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு, முன்னால் கோட்டு சூட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நடக்க, பாட்டும் குலவையுமாக மருத்துவமனை கேட்டுக்கு வந்தார்கள்.

ஜைலோஸுக்கு உத்தரவு தெளிவாக இருந்தது: துணைக்காரர்களை விடாதே, உயர்நிலைக் குழுவுக்கு சல்யூட் அடி. குழு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? கொசுவலைத் திட்டம் வந்தபோது ஒரே துணி, தடுப்பூசித் திட்டம் வந்தபோது ஒரே துணி, கைகழுவும் திட்டத்துக்குக்கூட மஞ்சளில் ஒரே துணி. ஒரே துணி கட்டி, பாடிக்கொண்டு, நாற்பது பேராக வந்தால் அது அரசாங்கத் திட்டம் என்பது லுவாசியில் குழந்தைக்கும் தெரியும். ஜைலோஸ் இரண்டு கதவையும் திறந்து சல்யூட் அடித்தான். கூடையில் இருந்த சேவலுக்கும் சேர்த்து அடித்தான்.

கால் மணி நேரம் கழித்து, சாதாரணக் கவுன் போட்ட ஒரு நடுவயது அம்மாவும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரும் பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார்கள். பார்வையாளர் நேரம் மதியம் என்று ஜைலோஸ் கண்டிப்பாகச் சொன்னான். தான் தலைநகரிலிருந்து வந்த இயக்குநர் என்று அந்த அம்மா சொன்னதும் அவன் சிரித்தான். அப்படிச் சொல்லிக்கொண்டு அந்த வாரத்தில் வந்த மூன்றாவது ஆள் அவர். இருவரையும் பின்பக்கக் கொட்டகைக்கு அனுப்பினான். அங்கே அறுபது பேரோடு அவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே என்ன கேட்டார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

வார்டு வாசலில் கம்வெண்டோ நீலத் துணிக் குழுவை வரவேற்று, எழுதி வைத்திருந்த உரையை வாசித்தார். கோட்டுப் போட்ட தாய்மாமனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பெண் வீட்டார் பேச்சுக்கென்று தனியாக ஆளே வைத்திருக்கிறார்கள், வசதியான இடம்தான் என்று தாய்மாமன் மகிழ்ந்துபோனார். எஸ்னாட் கம்வெண்டோவை உரசிக்கொண்டு உள்ளே போனாள். பதிமூன்று நாளாக வாளியும் பேசினுமாகப் பார்த்தவளைத் தலைக்கட்டோடு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தில் இல்லாதவளை அவர் எப்படி அடையாளம் காண்பார்?

ஏழாம் கட்டிலைச் சுற்றிப் பாய் விரிந்தது. கம்வெண்டோ இது 'சமூகப் பங்கேற்பு' என்று குறித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, எங்கள் வீட்டுச் சேவல் உங்கள் வேலிப் பக்கமே சுற்றுகிறது என்று முறைப்படி ஆரம்பித்தார். மருத்துவமனை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்தபடி பிஸ்விக் பதில் சொன்னார். ஒரு வார்த்தை தப்பவில்லை. கோழியைக் கொடுத்தார், சேவலை வாங்கினார். டொரோபே மாமனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மற்ற கட்டில்களில் இருந்தவர்கள், முடிந்தவர்கள் கை தட்டினார்கள்.

அப்போதுதான், பார்வையாளர் நேரம் தொடங்கி, உண்மையான இயக்குநர் உள்ளே வந்தார். கவுனில் விறகுப் புகை வாசம். அவர் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்ததும் கம்வெண்டோவின் முகம் வெளுத்தது. ஆனால் மூன்று நாள் கருத்தரங்கு வீண்போகவில்லை. அரை நிமிஷத்தில் அவர் சிலேட்டைச் சுட்டிக் காட்டினார்.

"பாருங்க மேடம். 'குடும்பத்தோடு இருப்பது.' செவ்வாய்க்கிழமை சொன்னாரு. சனிக்கிழமைக்குள்ள நிறைவேத்திட்டோம். நூத்திருபதுக்கு நூத்திருபது குடுத்த நோயாளி."

இயக்குநர் சிலேட்டைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், பிறகு கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்கீங்க அண்ணா?" என்று கேட்டார்.

பதில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கம்வெண்டோ புன்னகையைத் தயாராக வைத்திருந்தார். பிஸ்விக் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நல்லா இருக்கேம்மா," என்றார், வழக்கமான அதே மரியாதையோடு. "எட்டாம் நம்பர் நல்லா இருந்தா."

நாற்பது பேரும், இரண்டு தாய்மாமன்களும், இயக்குநரும் எட்டாம் கட்டிலைப் பார்த்தார்கள். இயக்குநர் அந்த நோயாளியின் பெயரைக் கேட்டார். சிஸ்டர் அட்டையை எடுத்தார், படித்தார், சத்தமாக வாசிக்காமல் வைத்துவிட்டார்.

"அமிசே," என்றாள் எஸ்னாட் பாயிலிருந்து. அவள் ஏற்கனவே விருந்துக் களியை ஒரு தட்டில் பிசைந்துகொண்டிருந்தாள். "மொளகா ஆகாது அவருக்கு."

"எங்கக்கா இன்னிக்கு என்னோட வீட்டுக்கு வந்துருவா," என்றார் பிஸ்விக். "நாளைக்கு அவருக்கு யாரும்மா?"

கம்வெண்டோ படிவத்தைப் புரட்டினார். இருபத்து நான்கு கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை. அவர் அண்ணாந்து சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். அங்கே எல்லோரும் கைகோத்திருந்தார்கள். ஒருவருக்கும் கரண்டி பிடிக்கக் கை மிச்சமில்லை.

சாயங்காலம் வெளியேற்றச் சீட்டு இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. ஞாயிறு விடியற்காலையில் மாப்பிள்ளை பஸ் ஏறினான். அன்று காலையே எஸ்னாட் கஞ்சிப் பானையோடு மருத்துவமனைக்கு வந்து நின்றாள். எட்டாம் நம்பருக்கு நீ என்ன உறவு, சீட்டு எங்கே என்று ஜைலோஸ் கேட்டான். அவள் திரும்பி வீட்டுக்குப் போய், நீலத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜைலோஸ் கதவைத் திறந்து சல்யூட் அடித்தான். அமிசே எழுந்து நடக்கிற வரை ஒன்றரை மாதம் அவள் அந்தத் துணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள், அவன் தினமும் சல்யூட் அடித்தான்.

அவளுடைய அந்த வருகைகள் மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் உரிய மரியாதையோடு பதிவாகியிருக்கின்றன: 'எட்டாம் கட்டிலை உயர்நிலைக் குழு தினமும் நேரில் பார்வையிட்டது.' சேவை செய்கிறவர்களின் படத்தில் மட்டும் அவளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.